மூன்று வருஷம், மூன்று வருஷமாக

அந்த மெயிலை நான் இன்னும் அழிக்கவில்லை. ஸ்பெயினில் குழந்தைகள் உடை விற்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு அனுப்பியது. திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு அவர்கள் பழைய பையர். எங்கள் சாயப்பட்டறையைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விக்கு, முதல் முறையாக ஸ்பானியத்திலேயே பதில் எழுதினேன்: "த்ரபஹாமோஸ் கோன் எஸ்தா தின்தோரெரீயா த்ரெஸ் ஆஞோஸ்."

நான் சொல்ல நினைத்தது, "இந்த டையிங்கோட மூணு வருஷமா வேலை செய்யறோம்." மறுநாள் பதில் வந்தது. அப்படியானால் இப்போது யாரிடம் சாயம் போடுகிறீர்கள், புது இடத்தின் சான்றிதழ்களை அனுப்புங்கள், புதிதாக லேப் டிப்பும் (நிறம் சரிபார்க்கும் சின்னச் சாயத் துணி மாதிரி) வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி என் மேஜைக்கே வந்துவிட்டார். "ஏம்மிணி, டையிங்க மாத்திட்டமா நாம? எனக்கே தெரியாம?"

மாற்றவில்லை. நான் எழுதிய வாக்கியம் மாற்றியிருந்தது. அதை ஒரு ஸ்பானியர் படித்தால், "இந்தப் பட்டறையோடு மூன்று வருஷம் வேலை செய்தோம்" என்றுதான் புரிந்துகொள்வார். செய்தோம், முடிந்தது. த்ரபஹாமோஸ் என்ற சொல்லுக்கு "வேலை செய்கிறோம்", "வேலை செய்தோம்" என்று இரண்டு பொருளும் உண்டு. 'ஆர்' என்று முடியும் வினைகளில் 'நாங்கள்' வடிவம் இரண்டு காலத்துக்கும் ஒன்றேதான். எந்தக் காலம் என்று பக்கத்தில் இருக்கும் சொற்கள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். வெறும் "மூன்று வருஷம்" என்று நான் விட்டதால், அது முடிந்துபோன கதையாகிவிட்டது.

சரியான வாக்கியத்தில் கூடுதலாக இரண்டே சொற்கள்: "த்ரபஹாமோஸ் கோன் எஸ்தா தின்தோரெரீயா தெஸ்தே ஆசே த்ரெஸ் ஆஞோஸ்." அந்த 'தெஸ்தே ஆசே'தான் நம் 'வருஷமா'வில் கடைசியாக ஒட்டியிருக்கும் 'ஆ'. எழுத்தில் 'வருஷமாக'.

அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். தமிழில் நான் ஒருநாளும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டேன். "அந்தக் கம்பெனியில மூணு வருஷம் இருந்தேன்" என்றால் இப்போது இல்லை. "மூணு வருஷமா இருக்கேன்" என்றால் இன்னும் இருக்கிறேன். எங்கள் செக்கிங் செக்‌ஷனில் எழுதப் படிக்கத் தெரியாத அக்காக்களுக்குக்கூட இந்த வித்தியாசம் மூச்சு விடுவது போல. அப்புறம் எனக்கு ஏன் தப்பியது? ஸ்பானியத்தை நான் ஆங்கில வழிப் புத்தகத்தில் படித்தேன். என் வாக்கியம் தமிழில் பிறந்து, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஸ்பானியத்துக்கு ஏறியது. நடுவில் இறங்கிய இடத்தில் அந்த 'ஆ' தொலைந்துவிட்டது. இங்கே ஆங்கிலத்துக்கு ஒரு தனிச் சுற்று வேண்டும்: 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று மூன்று சொல் அடுக்க வேண்டும். தமிழும் ஸ்பானியமும் நேராக நிகழ்காலத்தையே போடுகின்றன. செய்கிறேன், த்ரபாஹோ. அவ்வளவுதான்.

அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்பானியத்தின் கடந்த காலத்தைத் தமிழிலிருந்துதான் சொல்லித்தர வேண்டும். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு மொட்டை மாடியில் நாலைந்து பேருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாருமே பனியன் கம்பெனிகளில் ஜூனியர் மெர்ச்சண்டைசர்கள், இல்லை டாக்குமெண்டேஷன் பார்ப்பவர்கள். இந்தக் கட்டுரை அந்த மாடி வகுப்பிலிருந்து வருகிறது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஆசே' என்று நான் எழுதுவதை மெக்சிகோவிலும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் அப்படியே சொல்வார்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்த 'சே' நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து 'தே' மாதிரி ஒலிக்கும். படிக்க எளிது என்று 'ஆசே' என்றே எழுதுகிறேன். வருஷம் என்பதற்கான 'ஆஞோ'வில் வருவது நம் ஞகரமேதான். ஆங்கிலக்காரர்கள் 'ன்யோ' என்று உடைத்துச் சொல்லிப் பழகும் ஒலிக்கு நம்மிடம் ஒரு எழுத்தே இருக்கிறது. 'போன, கடந்த' என்று பொருள்படும் 'பசாதோ'வில் வரும் 'தோ'வும், 'அது' என்னும்போது நாம் சொல்லும் மெல்லிய 'து'வின் ஒலிதான்.

சரி, ஆசேக்கு வருவோம். 'ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி' என்பதற்கு ஸ்பானியத்தில் 'ஆசே தோஸ் ஆஞோஸ்'. ஆசே என்ற சொல்லுக்கு 'செய்கிறது, ஆக்குகிறது' என்று பொருள். பாடப்புத்தகம் இதை விநோதமான மரபுத்தொடர் என்று சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்லும். நம்ம ஊரில் ஒருவரிடம், "ஏனுங்க, வீடு கட்டி எத்தன வருசமுங்க ஆச்சு?" என்று கேட்டால், "அது ஆகுதுங்க ஒரு ரெண்டு வருசம்" என்பார். 'ஆகுது' என்பதை அப்படியே எடுத்து முன்னால் வைத்தால் ஆசே. ஸ்பானியர் இந்த இடத்தில் 'ஆசே'யைப் பன்மையாக்க மாட்டார். இருபது வருஷமானாலும் ஆசேதான். நாமும் பேச்சில் 'இருபது வருஷம் ஆகுது' என்போமே தவிர 'ஆகின்றன' என்பதில்லை.

ஆசேயோடு 'கே' சேர்த்து நிகழ்கால வினை போட்டால், இன்னும் நடந்துகொண்டிருக்கும் விஷயம்: "ஆசே த்ரெஸ் ஆஞோஸ் கே த்ரபாஹோ ஆகீ." இங்கே வேலை பார்க்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. இறந்தகால வினை போட்டால் முன்னாடி நடந்து முடிந்த ஒரு காரியம்: "எம்பெசே ஆசே த்ரெஸ் ஆஞோஸ்." மூன்று வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பித்தேன். ஸ்பெயின்காரர்கள் பேச்சில் இன்னொன்றும் நிறைய வரும்: "யேபோ த்ரெஸ் ஆஞோஸ் த்ரபஹாந்தோ ஆகீ." யேபோ என்றால் தூக்கிக்கொண்டு போகிறேன், சுமக்கிறேன். மூன்று வருஷத்தைச் சுமந்தபடி வேலை செய்கிறேன். இந்த வடிவம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஷிப்மெண்ட் நெருங்கும் வாரத்தில் 'ஒன்றரை ஷிப்ட்' பார்த்துவிட்டு இறங்கி வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தால் வருஷங்களைச் சுமக்கலாம் என்று புரியும்.

முடிந்துபோன நீளத்துக்கு ஒரு உதாரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலில் கழிவுநீர் கலந்த வழக்கு. "எஸ்துபியெரோன் செர்ராதாஸ் பாரியோஸ் மேசெஸ்": பல மாசம் மூடிக் கிடந்தன. இதில் 'தெஸ்தே ஆசே' போட்டால் இன்றைக்கும் மூடியே கிடப்பதாக ஆகிவிடும். முடிந்துபோன நீளம் என்றால் வெறும் 'பாரியோஸ் மேசெஸ்'. வேண்டுமானால் முன்னால் 'துராந்தே' சேர்க்கலாம்.

நாள்காட்டிச் சொற்கள் எளிது, சீக்கிரம் கடந்துவிடலாம். நேற்று ஆயேர், முந்தாநாள் ஆந்தே ஆயேர், நேற்று ராத்திரிக்கு அனோச்சே என்று ஒரே சொல். போன வாரம் 'லா செமானா பசாதா', போன மாசம் 'எல் மேஸ் பசாதோ', போன வருஷம் 'எல் ஆஞோ பசாதோ'. வாரம் பெண்பால் சொல் என்பதால் பசாதா, மாசமும் வருஷமும் ஆண்பால் என்பதால் பசாதோ. பிள்ளைகள் தப்பு செய்வது இதில் இல்லை. 'எல் ஆஞோ பசாதோ'வையும் 'ஆசே ஊன் ஆஞோ'வையும் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள். ஜனவரி 5ஆம் தேதி உட்கார்ந்துகொண்டு, டிசம்பர் 20 அன்று தூத்துக்குடியில் ஏற்றிய கண்டெய்னரைப் பற்றி எழுதினால் அது எல் ஆஞோ பசாதோ. ஆசே ஊன் ஆஞோ என்று எழுதினால் சரக்கு ஒரு வருஷமாகக் கடலில் இருப்பதாக ஆகிவிடும். தமிழிலும் 'போன வருஷம்' வேறு, 'ஒரு வருஷத்துக்கு முன்னாடி' வேறுதானே. தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுது என்று மட்டும் சொல்வேன்.

இன்னொன்று பிள்ளைகளுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ஸ்பெயினில் இரண்டு வாரத்தை 'கீன்சே தீயாஸ்', அதாவது பதினைந்து நாள் என்பார்கள். 'ஆசே கீன்சே தீயாஸ்' என்றால் இரண்டு வாரத்துக்கு முன்னால். பதினாலு நாள் என்று கணக்குப் பார்ப்பதில்லை. நாமும் "பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா" என்கிறோம், பதினாலு என்று யாரும் சொல்வதில்லை. "ஆசே கீன்சே தீயாஸ் அனுப்பினேன் என்கிறார்கள், தேதிப்படி பதினாலுதான் வருகிறது" என்று ஒரு பையன் குழம்பி வந்தான். உங்க அம்மா எப்படிச் சொல்லுவாங்க என்று கேட்டேன், தெளிந்துவிட்டான்.

எங்கள் பக்கம் பெரியவர்கள் தேதியே சொல்ல மாட்டார்கள். 'போன நோம்பிக்கு (பண்டிகைக்கு) வந்தான்', 'பண்ணாரிக் குண்டத்துக்கு அப்புறம் கிரயம் பண்ணினோம்' என்பார்கள். பங்குனியில் சத்தியமங்கலம் பக்கம் பண்ணாரியில் மாரியம்மனுக்குக் குண்டம் இறங்குவது, அதாவது தீ மிதிப்பது, கொங்கு நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த காலக்கணக்கு. ஸ்பெயினில் ஜூன் 23 இரவு, சான் ஹுவான் இரவு என்று ஊரெங்கும் நெருப்பு மூட்டுவார்கள். சோரியா மாகாணத்தில் சான் பேத்ரோ மன்ரீகே என்ற ஊரில் அந்த இரவில் வெறுங்காலோடு தணலில் நடக்கிறார்கள், முதுகில் ஒரு ஆளைச் சுமந்துகொண்டே. இதைச் சொன்ன அன்று வகுப்பில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 'லா நோச்சே தே சான் ஹுவான்' என்ற தொடரை அதற்கப்புறம் யாருக்கும் திரும்பச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காலத்தைக் குறிக்கும் சொல் ஒரு நெருப்போடு சேர்ந்து வந்தால் மறக்காது போல.

இனி நான் அதிக நேரம் செலவிடும் இடம். ஸ்பானியத்தில் இறந்தகாலம் இரண்டு. ஒன்று நடந்து முடிந்த காரியத்துக்கு. மற்றது அப்போது நடந்துகொண்டிருந்ததற்கும் வழக்கமாக நடந்ததற்கும். வெனிசுவேலாவில் பிறந்த ஆந்த்ரெஸ் பெய்யோ, 1847இல் வெளியிட்ட தன் இலக்கணத்தில் இரண்டாவதற்கு 'கோப்ரெத்தேரிதோ' என்று பெயர் வைத்தார். இன்னொரு இறந்தகாலத்துக்குத் துணையாகக் கூடவே இருக்கும் காலம். அழகான பெயர். ஆனால் பெயர் தெரிந்தால் மட்டும் எதை எங்கே போடுவது என்று வராது. எனக்கு அது வந்தது என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவளின், கதையிலிருந்து.

காங்கேயம் பக்கம் ஒரு சாளையில் (தோட்டத்து வீட்டில்) அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்தபடி சொல்லும். நான் எத்தனையோ முறை கேட்ட கதை இது (கவலை ஓட்டுவது என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது):

"அப்பல்லாம் கோழி கூப்பிடறப்பவே எந்திரிப்போம் கண்ணு. உங்கப்புச்சி கவலை ஓட்டுவாரு. நான் மடை திருப்புவேன். பொழுது கெளம்பறதுக்குள்ள பாதிக் காடு பாஞ்சிரும். ஒருநா தூறிட்டு இருந்துச்சு. கவுறு அந்துபோச்சு. செவலை எருது கெணத்துக்குள்ள உழுந்துருச்சு."

இதை வகுப்பில் நானே அம்மாயி குரலில் சொல்லிவிட்டு, வினைகளை மட்டும் பலகையில் எழுதுவேன். எந்திரிப்போம், ஓட்டுவாரு, திருப்புவேன், பாஞ்சிரும். இலக்கணப்படி இவை எதிர்கால வடிவங்கள். அம்மாயி சொல்வதோ அறுபது வருஷத்துக்கு முந்தின கதை. பழைய நாளின் வழக்கத்தைச் சொல்ல தமிழ் இந்த '-வேன், -வாரு, -உம்' வடிவத்தைத்தான் எடுக்கிறது, கேட்கிற யாருக்கும் காலம் குழம்புவதில்லை. அப்புறம் 'ஒருநா' என்று வந்ததும் வினைகள் மாறுகின்றன: அந்துபோச்சு, உழுந்துருச்சு. கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்பானியம் அந்த மடிப்பிலேயே மடிகிறது. "லோஸ் புவேயெஸ் சகாபான் ஆக்வா தெல் போசோ": மாடுகள் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும். 'அபா' ஒலிக்கும் வினை, நம் '-வாரு'. "யோபீயா": தூறிட்டு இருந்துச்சு. "ஊன் தீயா சே ரோம்பியோ லா க்வெர்தா இ ஊன் புவேய் சே கயோ ஆல் போசோ": ஒருநாள் கயிறு அறுந்தது, ஒரு மாடு கிணற்றில் விழுந்தது. அம்மாயி எங்கே வினையை மாற்றியதோ, அதே இடத்தில் ஸ்பானியமும் மாறுகிறது. நான் இதைக் கண்டுகொண்ட நாளில் அம்மாயி இல்லை. இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

இந்த 'உம்' எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ஒன்று. 'எனக்கு அப்பவே தெரியும்' என்றால் 'யா லோ சபீயா'. 'நேத்துத்தான் தெரிஞ்சுது' என்றால் 'லோ சுபே ஆயேர்'. புத்தகங்கள் சபீயாவுக்கும் சுபேக்கும் உள்ள வேறுபாட்டுக்குத் தனிப் பாடமே வைக்கின்றன. தமிழ்க் காதுக்கு தெரியும், தெரிஞ்சுது என்ற இரண்டு சொல் போதும்.

எல்லா இடத்திலும் தமிழ் கை நீட்டாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 'வீடு சின்னதா இருந்துச்சு' என்பதில் தமிழ் சாதாரண இறந்தகாலம் போடுகிறது. ஸ்பானியம் 'லா காசா எரா பெகேஞா' என்று தொடரும் காலத்தைக் கேட்கிறது. ஒரு பொருள் எப்படி இருந்தது, நேரம் என்ன, வயசு என்ன என்று நிலைமையைச் சொல்லும்போதெல்லாம் இப்படித்தான். இதற்கு நான் எப்போதும் எடுப்பது திருப்பூர் குமரன். "நாசியோ என் சென்னிமலை என் 1904." "முரியோ எல் 11 தே எனேரோ தே 1932." பிறந்தார், இறந்தார்: இரண்டும் முடிந்த காரியங்கள். ஆனால் வயசு: "தெனீயா 27 ஆஞோஸ்." இருபத்தேழு வயசு என்பது அன்று நடந்த சம்பவம் இல்லை, அடி விழுந்தபோது அவருக்கு இருந்த நிலைமை. அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். வகுப்பில் பாதிப் பேர் அந்த வயசுக்காரர்கள்.

தொடரும் காலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் மொத்தம் மூன்றே மூன்று: எரா (ஆக இருந்தார்), ஈபா (போவார்), பெயீயா (பார்ப்பார்). முடிந்த காலத்தில் நிறைய இருக்கின்றன, அவற்றை மெல்ல மெல்லத்தான் கற்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே தயாராக இருங்கள்: ஃபுவே என்றால் 'போனார்' என்றும் பொருள், 'ஆக இருந்தார்' என்றும் பொருள்.

வேலைக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. ஸ்பெயினில் இன்று காலை நடந்ததற்கு 'எஸ்தா மஞானா எ என்பியாதோ' என்பார்கள். இன்னும் முடியாத நாளுக்குள் அனுப்பியிருக்கிறேன் என்ற பாவனை. நேற்று என்றால் 'ஆயேர் என்பியே'. ஆனால் லா கொருஞா பக்கமிருந்து எழுதும் ஒருவர் இன்று காலை அனுப்பியதற்கும் 'என்பியே' என்றே எழுதுவார். முதலில் அவர் தேதியைத் தவறாகப் போட்டாரோ என்று நினைத்தேன். அது காலீசியா. அங்குள்ள காலீசிய மொழியில் அந்தக் கூட்டு வடிவம் கிடையாது. அந்தப் பழக்கம் அவர்களுடைய ஸ்பானியத்திலும் ஏறிவிட்டது. லத்தீன் அமெரிக்காவிலும் பல இடங்களில் இதே வழக்கம். ஆகவே 'என்பியே' என்று பார்த்ததும் சரக்கு நேற்றே கிளம்பிவிட்டது என்று முடிவுகட்டாமல், வாக்கியத்தில் 'ஓய்' (இன்று) அல்லது 'ஆயேர்' இருக்கிறதா என்று தேடுங்கள்.

எழுதும்போது மேல்கோட்டை விட்டுவிடாதீர்கள். த்ரபாஹோ என்றால் நான் வேலை செய்கிறேன். கடைசி 'ஓ'வின் மேல் ஒரு சாய்ந்த கோடு விழுந்தால் த்ரபஹோ, அவர் வேலை செய்தார். ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாராவது ஒருவரைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதச் சொன்னேன். முடிந்தது ஒன்று, அப்போது இருந்தது ஒன்று, இன்னும் தொடர்வது ஒன்று. சோமனூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பெண், வகுப்பில் அதிகம் பேசாதவள், நோட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"மி பாத்ரே தெனீயா க்வாத்ரோ தெலாரெஸ். லோஸ் பெந்தியோ எல் ஆஞோ பசாதோ. ஆசே ஓச்சோ மேசெஸ் கே த்ரபாஹா என் ஊனா ஃபாப்ரிகா."

அப்பாவிடம் நாலு தறி இருந்தது. போன வருஷம் விற்றுவிட்டார். எட்டு மாசமாக ஒரு மில்லில் வேலை பார்க்கிறார்.

"எடைக்குத்தானுங்க போட்டாரு அக்கா," என்றாள் மெதுவாக. "பெந்தியோன்னே எழுதட்டுங்களா?"

"பெந்தியோதான்," என்றேன்.

அந்தச் சொல்லின் கடைசி 'ஓ'வின் மேல் கோடு விட்டுப்போயிருந்தது. பேனாவை அவளிடமே கொடுத்தேன். போட்டாள்.